அப்பா ரிஜெக்ட் செய்த என் முதல் படம்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை, காலேஜ் லீவு.

கர்த்தருடைய கிருபையால் பாகாயத்தில் சுகமாக இருக்கும் (போன வாரம் நீங்கள் அனுப்பிய குரல் செய்தியில் ஏழு முறை தும்மினீர்கள், அதைக் கழித்துவிட்டால் சுகம்தான் என்று நம்புகிறேன்) பாசமிகு ஜெயசீலி அத்தை அவர்களுக்கு, உங்கள் தம்பி மகன் ஷாஜின் தலை குனிந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். இந்தக் காலத்தில் எவனாவது தபாலில் கடிதம் போடுவானா என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நீங்கள் வார்டனாக இருக்கும் நர்ஸ் ஹாஸ்டல் மூன்று மாடிக்கும் என் கதை கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை நீங்கள் ஜெபக் கை எமோஜி போட்டு குடும்ப குரூப்புக்குத் தள்ளிவிடுவீர்கள். இதில் அப்பாவுக்குத் தெரியக்கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆகையால் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன்.

போன ஜூன் மாதம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்த பஞ்சாயத்து உங்களுக்கு நினைவிருக்கும். நான் சினிமா படிக்கிறேன் என்றேன், அப்பா ஷூ டிசைன் கோர்ஸ் விண்ணப்பத்தை டீப்பாய் மேல் வைத்தார், அம்மா நடுவில் முறுக்குத் தட்டை வைத்தார். கடைசியில் நீங்கள்தான், "டேய் மோசஸ், ஒரு வருஷம் வுட்டுப் பாருடா. முதல் வருஷம் சினிமா வகுப்புல அறுபது மார்க்குக்குக் கம்மியா வாங்கினான்னா நானே காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து உன் ஷூ கோர்ஸ்ல சேர்க்கறேன். நான் கேரண்டி" என்றீர்கள். அந்த அறுபது மார்க் என்ன ஆனது என்று கேரண்டி கொடுத்தவருக்குச் சொல்வது என் கடமை. பாம்புகூடத்தான் படம் எடுக்கிறது, அதனிடம் யாரும் மார்க் கேட்பதில்லை. என்னிடம் கேட்டார்கள்.

எங்கள் சினிமா வகுப்பு ரெனிட்டா மேடம் கொடுத்த வேலை இதுதான்: மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் ஒரு படம் எடுக்க வேண்டும், அதோடு அந்தப் படத்தின் காட்சிகளை ஆராய்ந்து நான்கு பக்கம் எழுத வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நூறு மார்க். நான் எடுத்த படத்துக்குப் பெயர் 'ஒரு தாயும் ஒரு டம்ளரும்'. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஐந்து வருடம் கழித்து வருகிறான், அம்மா டீ கொடுக்கிறாள், இன்றைக்கே திரும்பிப் போகிறேன் என்று அவன் சொல்கிறான், அவள் அழுகிறாள். மகனாக என் தோஸ்த் கோபி. அம்மாவாக நம் பக்கத்து வீட்டு ஹலீமா பீ. கோபிக்கு மீசை இன்னும் சரியாக முளைக்காததால் கறுப்பு ஸ்வேடு தோலில் ஒரு துண்டு வெட்டி, ஷூவுக்கு அட்டை ஒட்டுகிற சொல்யூஷனால் ஒட்டினேன். ஒரு பக்கம் பத்து நிமிடத்தில் உரிந்துவிட்டது. இன்னொரு பக்கம் புதன்கிழமை வரை வரவில்லை. பாவம், அரை மீசையோடு கல்லூரி பஸ்ஸில் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இருமல் என்று எழுந்து போனதால் எங்கள் இருவருக்கும் மூன்று நாளும் சீட் கிடைத்தது.

ஹலீமா பீ நடிக்க வந்ததே பெரிய விஷயம், ஆனால் அழச் சொன்னால் அழவில்லை. "நான் இன்னாத்துக்குப்பா அழணும்? என் பையன் ரியாத்துலருந்து நேத்துதான் வீடியோ கால் பண்ணான், ரெண்டு கிலோ ஏறியிருக்கான்" என்று சிரிக்கிறார். சரி, சோகமாகவாவது டீயைப் பாருங்கள் என்றேன். பார்த்தார், குடித்தார். ஒவ்வொரு டேக்கிலும் குடித்தார். "ஆறிப் போன டீயைப் பார்த்துக்கிட்டே ஒக்காரச் சொல்றியே, பேஜாரா இருக்குப்பா" என்று மறுபடி ஊற்றிக்கொண்டு வந்தார். வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டுமென்று நான் பின்னால் உள்ளதை முன்னாலும் முன்னால் உள்ளதைப் பின்னாலும் எடுத்து, வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் படம் இரண்டு நிமிடம் முப்பத்துநான்கு வினாடிதான் இருந்தது. நல்லவேளையாக, ஷூட்டிங் முடிந்ததும் நான் கேமராவை அணைக்க மறந்து ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுக் கோபியின் மீசையைப் பிய்க்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் ஹலீமா பீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தது பதிவாகியிருந்தது. அதில் முப்பத்தெட்டு வினாடியை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. இயக்கம்: ஷாஜின்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, அப்பா நல்ல மனநிலையில் இருந்தபோது டிவியில் போட்டுக் காட்டினேன். மறுநாள் மாலைக்குள் ஒப்படைக்க வேண்டிய படம். அத்தை, அங்கேதான் தப்புச் செய்தேன். உங்கள் தம்பி இருபத்திரண்டு வருடமாக ஷூ பாக்டரியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் அவர் சட்டைப் பையில் சர்ச்சுக்கும் வரும். முதல் காட்சியிலேயே "நிறுத்துடா" என்றார். எழுந்து போய் டிவித் திரையில், கோபியின் மூக்குக்குக் கீழே ஒரு அம்புக்குறி ஒட்டினார். "மீசை, வலது பக்கம் ஒட்டு வுட்டுப் போச்சு." அடுத்து, "இன்னாடா இது, டீ குடிக்கக் குடிக்க ஏறுது?" இன்னொரு அம்புக்குறி. சுவர்க் கடிகாரம் நாலு பத்திலிருந்து மூணு முப்பத்தைந்துக்குப் போனதற்கு ஒன்று. கோபி நடந்து வரும் காட்சியில் அவன் அவசரத்தில் ஒரு காலில் பழுப்புச் செருப்பும் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் போட்டிருந்ததைக் கண்டதும் அப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கேத்தரின், இங்க வா. ஜோடி மாறியிருக்கு, பாரு. என் வீட்ல!" அம்மா வந்து செருப்பைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்து, "அந்தப் பசையை யாரு தொடைக்கிறது?" என்றார். மொத்தம் இருபத்தாறு குறை. "ரிஜெக்ட். ரீவொர்க் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ரீவொர்க் செய்ய நேரமும் இல்லை, ஹலீமா பீ வீட்டில் டீத்தூளும் இல்லை. நான்கு பக்க ஆராய்ச்சியோ ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போதுதான் திரையைப் பார்த்தேன், இருபத்தாறு அம்புக்குறி. குறைக்கு அர்த்தம் சொல்லிவிட்டால் அது கலை ஆகிவிடும் அல்லவா? உட்கார்ந்து வரிசையாக எழுதினேன். டம்ளரில் டீ ஏறுவது, தாயன்பு எடுக்க எடுக்கக் குறையாது என்பதன் குறியீடு. கடிகாரம் பின்னால் போவது, காத்திருப்பவளின் மனம் கடந்த காலத்தில் வாழ்வது. அரை மீசை, நகரத்தில் உரிந்துபோன அடையாளம். ஜோடி மாறிய செருப்பு, ஒரு கால் ஊரிலும் ஒரு கால் பெங்களூரிலும் வைத்திருக்கும் தலைமுறை. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. திங்கள் காலை நான் இட்லி சாப்பிடும்போது பைல் மேசைமேல் இருந்தது. சாப்பிட்டேன், எடுத்துக்கொண்டு ஓடினேன், மேடத்திடம் கொடுத்தேன்.

பாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு அத்தை. இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் இல்லாமல் எந்தப் பெட்டியும் கேட்டைத் தாண்டக்கூடாது. அது ரிஜெக்ட் ஆன சரக்காக இருந்தாலும் ஷீட்டோடுதான் போக வேண்டும். அப்பா இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட ஷீட் இல்லாமல் அனுப்பியதில்லை. ஆகவே, நான் மூன்றாவது இட்லியில் இருந்தபோது, என் பைலின் கடைசியில் ஒரு ஷீட்டை அழகாக கிளிப் போட்டு வைத்திருக்கிறார். பொருள்: 'ஒரு தாயும் ஒரு டம்ளரும்'. சைஸ்: மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. வாங்குபவர்: ரெனிட்டா மேடம். ஜோடி: இல்லை, ஒற்றைப் பீஸ். கீழே இருபத்தாறு குறையும் நிமிடம், வினாடியோடு. முடிவு: ரிஜெக்ட். கையெழுத்து: மோசஸ்.

புதன்கிழமை மேடம் அப்பாவைக் கல்லூரிக்கு வரச் சொன்னார். அயர்ன் போட்ட சட்டையில் அப்பா டிபார்ட்மெண்ட் அறையில் உட்கார்ந்தார், நான் கதவோரம் நின்றேன். மேடம் ஒரு கையில் என் ஆராய்ச்சியையும் இன்னொரு கையில் அப்பாவின் ஷீட்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தார். "நாற்பத்தோராவது வினாடி: டீ அளவு கூடியுள்ளது, மேஜர் குறை. இதே இடத்துக்கு உங்க பையன் எழுதியிருக்கறது: தாயன்பின் பெருக்கம்." அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டீ ஏறுனது தாயன்பாடா?" நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன். "செருப்பு மாறுனது தலைமுறையாடா?" மின்விசிறி நின்றுபோயிருந்தது, அதைப் பார்க்கவும் காரணமில்லை. நம் ஊரில் தோல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், எனக்கோ அந்தத் தோலுக்குப் பக்கத்திலேயே 'வி'யும் வந்து நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எழுந்தார். "மன்னிச்சுக்கங்க மேடம். இந்த மாசத்தோட நிறுத்திட்டு ஷூ கோர்ஸ்ல சேர்த்துடறேன்" என்றார்.

"சார், ஒரு நிமிஷம் உட்காருங்க. ரெண்டு முப்பத்துநாலுக்கு மேல ஷீட்டுல ஒண்ணுமே எழுதலையே, ஏன்?" என்று மேடம் கேட்டார்.

அப்பா உட்கார்ந்தார். ஷீட்டில் காலியிடம் விட்டால் அவருடைய பாக்டரியில் மெமோ கொடுப்பார்கள். ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்த அம்மா டம்ளரோட ஒக்காந்து வாசலைப் பார்க்கற இடம்தானே மேடம்? ஸ்டிக்கரைக் கையில எடுத்தேன். ஒட்ட இடம் கெடைக்கல. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன், படம் முடிஞ்சிபோச்சு" என்றார்.

மேடம் என்னைக் கேட்டார். "இதை யார் எடுத்தது?"

"கேமராவே எடுத்துச்சு மேடம். நான் அணைக்க மறந்துட்டேன்."

"படத்துல சேர்த்தது?"

"நான்தான். மூணு நிமிஷம் வரலைன்னு."

மேடம் சிரித்த சிரிப்பில் அப்பாவும் சிரித்துவிட்டார். "இந்தப் படத்துல இருக்கறதே அந்த முப்பத்தெட்டு வினாடிதான். இதை மட்டும் வச்சு நாளைக்குள்ள ரெண்டு பக்கம் எழுது. குறியீடுன்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார். அப்பா என் முழங்கையை இடித்து, "ரீவொர்க் குடுக்கறாங்கடா, வாங்கிக்க" என்றார்.

இப்போது அப்பாவுக்குத் தெரியக்கூடாத விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே ஹலீமா பீயிடம் போய், "அந்த நேரத்துல வாசலைப் பார்த்து இன்னா நெனைச்சிக்கிட்டு இருந்தீங்க? பையனையா?" என்று கேட்டேன். "பையனா? கேஸ் வண்டி சத்தம் கேட்டுதுப்பா. பதினோரு நாளாச்சு சிலிண்டருக்குச் சொல்லி. நம்ம தெருவுக்கு வருதா, அடுத்த தெருவுக்குப் போவுதான்னு பார்த்தேன். அடுத்த தெருவுக்குப் போய்ட்டான் பாவி" என்றார். அதை அப்படியே எழுதினேன் அத்தை. அவர் சிலிண்டருக்குக் காத்திருந்தார், என் படத்துக்காகக் காத்திருக்கவில்லை; வண்டி திரும்பிப் போனபோது அவர் கட்டைவிரல் டம்ளர் விளிம்பை இரண்டு முறை தேய்த்தது; நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். இவ்வளவுதான் எழுதினேன். இரண்டு பக்கம்கூட வரவில்லை, ஒன்றே முக்கால். இந்தத் திங்கள்கிழமை மார்க் வந்தது. அறுபத்துநான்கு. பக்கத்தில் மேடம், "இதுதான் காட்சியைப் பார்ப்பது" என்று எழுதியிருந்தார்.

அப்பா மார்க்கைப் பார்த்துவிட்டு, "படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். டிவியில் ஒட்டிய பசையை அவரே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பாக்டரி கேன்டீனில் எல்லோரிடமும் போனில் அந்தக் கடைசிக் காட்சியைக் காட்டி, "மகனுக்காகக் காத்திருக்கற தாய், பாருங்க, ஒரு டிபெக்ட் கெடையாது" என்று சொல்லிவருகிறார். ஹலீமா பீக்கு ஒரு ஜோடி மெத்துச் செருப்பு வேறு கொண்டுபோய்க் கொடுத்தார். "உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷன்பா, எதுக்குக் குடுத்தார்னுதான் புரியல" என்கிறார் அவர். சிலிண்டர் விஷயத்தை மட்டும் உங்கள் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கேரண்டி காப்பாற்றப்பட்டது. என் காது உங்கள் கையிலிருந்து தப்பியது. நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன் அத்தை, சும்மா சொல்லவில்லை.

உங்கள் தும்மலுக்காக அம்மா ஜெபிக்கிறார், நான் ஆவி பிடிக்கச் சொல்கிறேன். ஹாஸ்டல் அக்காக்கள் அனைவருக்கும் என் வணக்கம். கர்த்தர் உங்களையும், உங்கள் போன் ஸ்பீக்கரை அணைக்கும் பட்டனையும் ஆசீர்வதிப்பாராக.

என்றும் உங்கள் வாலு,
ஷாஜின்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா வந்தார். ரெனிட்டா மேடம் சனிக்கிழமைதோறும் நடத்தும் சினிமா ரசனை வகுப்பில் வெளியாட்களும் சேரலாமாம். அப்பா சேர்ந்துவிட்டார். எங்களுக்கு அது கட்டாய வகுப்பு. இருவர் இருவராகப் படம் எடுக்க வேண்டும், தன் பெயருக்குக் கீழே என் பெயரை அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இயக்கம் மோசஸ், நடிப்பு ஷாஜின். ஒத்திகை என்று இப்போது வாசலில் என்னைக் கதவைத் திறக்கச் சொல்லி இருபத்தொன்பது டேக் எடுத்தாகிவிட்டது, ஒன்றுகூடப் பாஸ் ஆகவில்லை. அத்தை, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அந்த ஷூ டிசைன் கோர்ஸில் இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று மட்டும் உடனே விசாரித்துச் சொல்லுங்கள்.