ஆடிக்கு முன் வெப்சைட் குடிபோன விவரம்

மல்லேஸ்வரம்,
சுபானு வருஷம் ஆவணி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி ஜகதாம்பாளுக்கு, உன் அக்கா தர்மாம்பாளின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மைசூரில் மழை உண்டா என்றும் கேட்டதாக வைத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், உன் பிள்ளை சுந்தரத்திடமிருந்து எங்கள் வெப்சைட்டை எடுத்துவிட்டோம். வேறு இடத்தில் வைத்தாகிவிட்டது. அவன் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன். நாலாங்கிளாஸோடு நின்றவளுக்கு வெப்சைட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. என் பிள்ளை வெங்கட்டு ஃபாக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்த பிறகு அவனும் மாட்டுப்பெண் ரமாவும் கல்யாணச் சீர் பட்சணம் செய்து கொடுத்துத்தானே குடும்பம் நடக்கிறது, அந்த முறுக்கையும் அதிரசத்தையும் பருப்புத் தேங்காயையும் படமெடுத்து கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறான். அமெரிக்காவில் இருப்பவர்கள் அங்கிருந்தே பார்த்துவிட்டு, இங்கே நடக்கப்போகிற கல்யாணத்துக்கு ஆர்டர் எழுதிப் போடுகிறார்கள். அது ஒரு கடை மாதிரி. கடை என்றால் இடம் வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுகிறவன் சுந்தரம். அதற்கு ஹோஸ்டிங் என்று பேர். கம்ப்யூட்டருக்குள் வீட்டுக்காரன், அவ்வளவுதான், இதைப் புரிந்துகொள்ள பி.ஈ. படிக்க வேண்டியதில்லை.

போன தீபாவளிக்குப் படம் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள் என்று கடை தானாகவே மூடிக்கொண்டது. முறுக்கு இருந்த இடத்தில் இங்கிலீஷில் ஒரு போர்டு. அளவுக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டதால் இந்த மாதத்துக்கு இத்தோடு சரி என்று அதற்கு அர்த்தம் என்று ரமா படித்துச் சொன்னாள். வெங்கட்டு போன் செய்தால் சுந்தரம், "நான் மூடலைடா, மிஷினே மூடிக்கறது. உன் பிளான் சின்னது. பெரிசா எடுத்துக்கோ, பெரியம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்கிறான். எனக்கு ஆச்சரியமே இல்லை. அவன் பூணூலில் மூன்றாம் பந்திக்கு நீ என்ன செய்தாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம். இலை போட்டாகிவிட்டது, என் ஓர்ப்படி குடும்பத்தோடு கை அலம்பிக்கொண்டு வருகிறாள், நீ வந்து நின்று, "ஆள் ஜாஸ்தியாயிடுத்து, பாயசம் தீந்துடுத்து" என்று கூடத்துக் கதவைச் சாத்தினாய். பச்சைப் புடவை, மாங்காய் பார்டர். மேல் தாழ்ப்பாள் எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறினாய். பாயசம் தீரவில்லை. மறுநாள் காலை ஸ்டோர் ரூமில் தூக்கு நிறைய இருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அம்மா சாத்தினாள், இன்றைக்குப் பிள்ளையின் மிஷின் சாத்துகிறது. நான் குறை சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தை பிறந்ததும் வேறு இடம் பார் என்று வெங்கட்டுவிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அசைவதற்கு ஆனி வந்துவிட்டது. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாராவது குடி போவார்களா, நானும் வருகிறேன் என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். முதலில் கோரமங்களாவில் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். மிஷினைப் பார்க்க வேண்டும் என்றேன். "யாரையும் உள்ளே விடறதில்ல மேடம், செக்யூரிட்டி" என்றாள். "குடி வரப்போறவளையே விடமாட்டேன்னா, வந்தப்பறம் எப்படி விடுவே" என்றேன். ஒரு சாக்லேட் கொடுத்தாள். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்தது ரமா கண்டுபிடித்தது, அமெரிக்காக் கம்பெனி, ரொம்ப மலிவாம். "ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய்ச் சண்டை போடறது" என்று கேட்டேன். "ஈமெயில்தாம்மா போடணும்" என்றாள். "ஈமெயிலே அவனாத்துலதானேடி இருக்கு. அவனே படுத்துண்டா எதுல போடுவே" என்றேன். ரமா உள்ளே போய் மாவு சலித்தாள். கெட்டிக்காரி, சொன்னால் புரிந்துகொள்வாள்.

மூன்றாவதுதான் விவேக் நகர். அன்றைக்கு வியாழக்கிழமை, குழந்தை ஏசு கோயில் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை, இறங்கி நடந்தோம். பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு ரூம், கேத்தரின் என்று ஒரு பெண், நம் ரமா வயசு இருக்கும், தனியாக நடத்துகிறாள். போன் அடித்தால் அவளே எடுக்கிறாள். "ஃபேனுக்குக் கீழ உக்காருங்கம்மா. கேக் சாப்பிடுவீங்களா? ஐயோ வேணாம், முட்டை போட்டிருக்கு, வாழைப்பழம் தரேன்" என்றாள். கேட்பதற்கு முன்னால் முட்டையைச் சொல்லிவிட்டாள் பார், அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. மிஷின் எங்கே என்றேன். "இங்க இல்லம்மா, அது ஏசி ரூம்ல வேற எடத்துல இருக்குது. நான் மொத்தமா எடம் எடுத்து, சின்னச் சின்னதா விடறேன்" என்றாள். ஒளிக்கவில்லை. "ஜனங்க ஜாஸ்தி வந்தா கதவைச் சாத்துவியா?" "வர்ற வழியில எங்க கோயில் கூட்டத்தப் பாத்தீங்க இல்ல? யாருக்காச்சும் கதவ சாத்துனாங்களா? நானும் சாத்த மாட்டேம்மா." எனக்கு வேறு கேள்வி இல்லை. வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரத்துக்கு நானே போன் போட்டு, காலி பண்ணுகிறோம் என்றேன். "சரி பெரியம்மா" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பந்தி விஷயத்தைச் சொல்லியிருப்பேன்.

அதற்குள் ஆனி முடியப்போகிறது. படங்களையெல்லாம் எடுத்து வைக்க நாலைந்து நாள் ஆகும் என்று கேத்தரின் சொன்னாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் குடி போகக்கூடாது என்றேன். "வெப்சைட்டுக்கு ஏதும்மா ஆடி" என்றான் வெங்கட்டு. "குடி போறதுன்னு ஆனப்பறம் எதுக்கும் ஆடி ஆடிதான்" என்றேன். ரமாதான், "கல்யாணமெல்லாம் ஆவணியிலேம்மா. அதுக்கு ஆர்டர் வரது ஆடியிலே. அந்த மாசம் பூரா நாம எங்கே இருக்கப்போறோம்" என்று கேட்டாள். அதற்கும் வழி சொன்னேன். பிரயாணத்துக்கு நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் ஒரு துணி மூட்டையை முன்னாலேயே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் செய்வது நம் அகத்து வழக்கம்தானே. அதேபோல ஆனி கடைசியில் நல்ல வேளை பார்த்து, மஞ்சள் பிள்ளையார் படம் ஒன்றை மட்டும் கேத்தரின் இடத்தில் வைக்கச் சொன்னேன், மிச்சச் சாமான் ஆவணியில் வரட்டும் என்றேன். சுந்தரத்திடம் இருந்த தபால் பெட்டியை, அதாவது ஈமெயில் வருகிற இடத்தை, இனித் திறந்து பார்க்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டேன். காலி செய்த வீட்டு வாசலில் போய் நிற்பது நமக்கு அழகில்லை.

ஆடி முழுக்க எங்கள் கடையைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பிள்ளையார் மட்டும் தரிசனம் கொடுத்தார். முறுக்கு இல்லை, போன் நம்பர் இல்லை. எட்டாவது கிராஸ் மாமி சம்பிகே ரோடு பூக்கடையில் வைத்து, "நியூ ஜெர்சியிலேர்ந்து என் பொண்ணு கேக்கறா, நீங்க பட்சணத்தை விட்டுட்டுக் கோயில் கட்டறேளா" என்றாள். அடுப்பு மூட்ட வேலை இல்லை. முறுக்கு சுற்ற நீலசந்திராவிலிருந்து ஆட்களைக் கூட்டிவருகிற மரகதம் ஒருநாள் கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டு, "பெரிம்மா, ஆவணிக்கு வேலை இருக்குதா இல்லியான்னு இப்பவே சொல்லிடுங்க. கார்மென்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்க, எங்க பொம்பளைங்க போறேன்றாங்க" என்றாள். அவள் போனால் இந்தச் சமையல்கூடம் இல்லை. வெங்கட்டு பேப்பரில் வேலை காலி விளம்பரத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தான். இந்த ஆவணி போனால் மூடிவிடலாம் என்று ரமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் கிரைண்டருக்குத் துணி போட்டு மூடினாள்.

ஆவணி பிறந்தது, படமெல்லாம் ஏறிவிட்டது, பிள்ளையார் மேலே ஒரு மூலையில் இருக்கிறார். ஆர்டர் வரவில்லை. ஆவணி கல்யாணக்காரர்கள் வேறு இடத்தில் கொடுத்திருப்பார்கள். மரகதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் உன் பிள்ளை இடத்தில் எங்கள் சாமான் ஒரு துரும்பு கிடையாது, உங்கள் தயவில் நாங்கள் இல்லை. இதை நீயும் அவனும் தெரிந்துகொண்டால் போதும்.

உன் அகத்துக்காரரை விசாரித்ததாகச் சொல்லவும். பேரன் பேத்திகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன்னையும் விசாரித்ததாக நீயே சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா
தர்மாம்பாள்

பி.கு.: கவரில் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிவிட்டு எழுந்தேன், வாசலில் சுந்தரம் நிற்கிறான். கையில் ஒரு கட்டு காகிதம். "என்ன பெரியம்மா, ஆடி பூரா உங்க பெட்டியை யாருமே திறக்கலையே. பழைய கஸ்டமர்லாம் ஆர்டரா எழுதித் தள்ளியிருக்கா. ரொம்பி மூடிக்கப் பாத்தது, நான்தான் பெரிசு பண்ணிவிட்டேன். கிடைச்சதுன்னு எல்லாருக்கும் பதிலும் போட்டுட்டேன்" என்றான். உன்னை யார் செய்யச் சொன்னது என்றேன். "அம்மாதான். ஆடியிலே எடுத்துண்டு போகாதே, அக்கா கையால வாங்கமாட்டா, ஆவணி பொறக்கட்டும்னா" என்றான். ஆக உனக்கு எல்லாம் முன்னமே தெரியும்.

இன்னொன்றும் சொன்னான். கேத்தரின் மொத்தமாக இடம் எடுத்திருப்பது அவனிடம்தானாம். அவன் மிஷினில் ஒரு ரூமிலிருந்து பக்கத்து ரூமுக்குத்தான் நாங்கள் போயிருக்கிறோம். அதற்கு நான் பரஸ்தானம் வேறு வைத்தேன்.

வெங்கட்டு காகிதங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறான். ரமா கிரைண்டரிலிருந்து துணியை எடுத்துவிட்டு, மரகதத்துக்குச் சொல்லியனுப்பப் போனாள். ஆவணி வெள்ளி என்று பாயசம் வைத்திருந்தேன். சுந்தரத்தை உட்கார வைத்து இலை போட்டேன். இரண்டாம் தடவை பாயசம் கேட்டான். போட்டேன்.

கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று ரமா கேட்கிறாள். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. வெப்சைட்டைப் பற்றி எழுதியதை மட்டும் நீ படிக்காதே. தூக்கில் இருந்த பாயசத்தைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.