மூக்கு வைத்த பெட்டி

விளக்குக் கம்பத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. அந்தப் பெட்டிக்கு ஒரு மூக்கு இருந்தது. அது நேராகக் கிருஷ்ணசாமியின் காபிப் பொடிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை யார் மாட்டினா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒரு பொண்ணு. காலையில ஏணி போட்டு மாட்டிட்டுப் போனா. தமிழ்ப் பொண்ணுதான். பாவம், வேர்த்துக் கொட்டிச்சு" என்றாள் கனகவல்லி, கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டே.

"தமிழ்ப் பொண்ணா? அப்ப ஏழுமலை வேலைதான்."

ஏழுமலை எதிர்ச்சாரியில் மெஸ் நடத்துகிறவர். கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் அவருடைய டிகிரி காபிக்கு வங்காளிகள்கூட வரிசையில் நிற்பார்கள். "காபியா அது? சிக்கரித் தண்ணி" என்று கிருஷ்ணசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். இடம் போதாமல் ஏழுமலை ரொம்ப நாளாக இந்தக் கடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கனகவல்லி மாதம் ஒரு தடவை துணிப்பையோடு ஏழுமலை வீட்டம்மாவைப் பார்க்கப் போவதே கிருஷ்ணசாமிக்குப் பிடிக்காது.

கிருஷ்ணசாமியின் சுபாவம் அப்படி. டாக்ஸியில் ஏறினால் மீட்டரைப் பார்ப்பார், டிரைவரைப் பார்ப்பார், இரண்டு பேரும் கூட்டா என்றும் பார்ப்பார். கடையில் காபிக் கொட்டை கணக்குக்குக் குறைந்துகொண்டே வருவதில் அவருக்குப் பல வருட மனக்குறை. "எலியா இருக்கும்" என்பாள் கனகவல்லி. எலிக்கு ஏழுமலை என்று பெயர் வைத்திருந்தார் கிருஷ்ணசாமி.

அடுத்தவரைச் சந்தேகப்படுகிறவருக்குச் சொந்தமாகவும் ஒரு ரகசியம் இருக்கத்தானே செய்யும்? இவருக்கு இரண்டு.

கடை வாசலில் தமிழிலும் வங்காளத்திலும் கொட்டை எழுத்தில் ஒரு போர்டு: 'சிக்கரி ஒரு சிட்டிகை கூடக் கிடையாது. இருப்பதாக நிரூபிப்பவருக்கு இந்தக் கடையே பரிசு.' போர்டை மாட்டிய காலத்தில் அது சத்தியம்தான். பிறகு கொட்டை விலை ஏறியது, மனசு இறங்கியது. தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத சாந்த்ராகாச்சியில் போய்ச் சிக்கரி வாங்கி வந்து, பின்கட்டில் 'சீயக்காய்' என்று எழுதிய டின்னில் கொட்டி வைப்பார். விடியற்காலையில் கனகவல்லி எழுந்திருக்கும் முன் இறங்கி வந்து, கை நிறைய அள்ளி அரைத்த பொடியில் கலந்துவிடுவார்.

இரண்டாவது ரகசியம் அவருடைய மூக்கு. கடை வாசலில் பஸ் ஸ்டாப், பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு. அத்தனை புகையையும் வருடக்கணக்காக இழுத்து இழுத்து மூக்கு செத்துப்போயிருந்தது. டாக்டரும் கையை விரித்துவிட்டார். காபி வியாபாரிக்கு வாசனை தெரியாது என்றால் வெளியே சொல்ல முடியுமா? வறுத்த கொட்டையை முகர்ந்து, கண்ணை மூடி, "பதம்" என்பார். நிறத்தைப் பார்த்து அடித்து விடுவதுதான். கனகவல்லிக்கு மட்டும் அது தெரியும்.

மறுநாள் பெட்டிக்காரப் பெண்ணே வந்தாள். பெயர் சுபிக்ஷா. திருச்சிக்காரி, இங்கே ஆராய்ச்சிப் படிப்பு.

"வண்டிப் புகையை அளக்கறோம் அங்கிள். பஸ்ஸு எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு, டாக்ஸி எவ்வளவுன்னு. முடிவு நல்லா வந்தா இந்தத் தெருவுல முதல்ல பேட்டரி ஆட்டோ விட்டுப் பார்ப்பாங்க."

"எல்லாப் புகையும் ஒண்ணுதானே. பிரிச்சு எப்படிம்மா தெரியும்?"

"உள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல ஒட்டற தூசியை லேப்ல பார்த்தா ஒவ்வொண்ணும் எதுலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிடலாம். டீசல், டயர், அடுப்புக்கரி எல்லாமே."

கிருஷ்ணசாமி பெட்டியின் மூக்கை நிமிர்ந்து பார்த்தார். "காபித் தூள் பறந்து போய் ஒட்டினா?"

"அதுவும் தெரியும். அதைக் கழிச்சாத்தானே வண்டிக் கணக்கு சரியா வரும்? நூறு கிராம் பொடி குடுங்க அங்கிள், லேபுக்கு வேணும்."

பொடி லேபுக்கா? அவர் யோசித்து முடிப்பதற்குள் கனகவல்லி பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள். பொட்டலத்தோடு அந்தப் பெண் நேராகத் தெருவைக் கடந்து ஏழுமலை மெஸ்ஸுக்குள் நுழைந்தாள். மணியோ மதியம் சாப்பாட்டு வேளை. பசித்தவள் சாப்பிடத்தான் போவாள். கிருஷ்ணசாமிக்கு அது தோன்ற வேண்டுமே.

"பார்த்தியா? சாம்பிளை அங்க கொண்டு போறா. சிக்கரி இருக்குன்னு எழுதி வாங்கிட்டாங்கன்னா சாவியைக் குடுத்துட்டு நாம காளிகாட் கோயில் வாசல்லதான் உக்காரணும்."

"நம்ம பொடியிலதான் சிக்கரியே இல்லையே. எதுக்குப் பயப்படறீங்க?" என்றாள் கனகவல்லி.



கிருஷ்ணசாமி முதல் வேலையாகப் பெட்டியின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினார். மழை வந்தால் நனையாதாம். இரண்டு நாளில் சுபிக்ஷா ஓடி வந்தாள்.

"யாரோ பையைக் கட்டி இந்த மெஷினைச் சாகடிச்சுட்டாங்க அங்கிள், எல்லாமே பூஜ்யமா காட்டுது. புதுசு கொண்டு வந்திருக்கேன், இதைவிட நுணுக்கமா பார்க்கும். கம்பத்துல இருந்தா யாராவது கை வைக்கறாங்க. உங்க கடை வாசல்லயே மாட்டிக்கறேன், நீங்க பார்த்துக்குவீங்க இல்ல?"

"தாராளமா மாட்டிக்கோம்மா" என்று உள்ளேயிருந்து கனகவல்லியே சொல்லிவிட்டாள்.

இப்போது மூக்கு அவர் தலைக்கு மேலேயே வந்துவிட்டது.

வேறு புகையில் சிக்கரியை மறைப்பதைத் தவிர வழி தெரியவில்லை. தினமும் விடியற்காலையில் டின்னைத் திறக்கும் முன் பெட்டிக்கு அடியில் தூபக்கால் நிறையச் சாம்பிராணி போட்டார். கடைக்குள் ஆள் நிற்பதே தெரியாத அளவுக்குப் புகை. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வங்காளி அம்மாள் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பலன் கிடைத்தது. சுபிக்ஷா காலை வேளைகளில் கடைக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில மட்டும் புகை எக்கச்சக்கமா ஏறுது அங்கிள். எந்த வண்டின்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

அவளுக்கு வேளா வேளைக்குக் காபி வேறு கொடுத்தாள் கனகவல்லி. அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உங்க காபி மாதிரி கல்கத்தாவுல எங்கயும் கிடைக்கல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். கிருஷ்ணசாமிக்கு அந்தப் புகழ்ச்சியிலும் பொடி வைத்துப் பேசுகிறாளோ என்று சந்தேகம்.

வண்டியைத்தானே தேடுகிறாள், வண்டியைக் காட்டிவிட்டால் போய்விடுவாள் என்று முடிவுக்கு வந்தார். டாலிகஞ்ச் ஸ்டாண்டில் நிமாய் என்று ஒரு மஞ்சள் டாக்ஸிக்காரர் அவருக்குப் பழக்கம். அவருடைய டாக்ஸி கிளம்பினால் பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. தினமும் காலையில் கடை வாசலில் வந்து இன்ஜினை அணைக்காமல் நிற்க வேண்டும், காபி இலவசம் என்று பேச்சு. எதற்கு என்று நிமாய் கேட்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் போக்குவரத்து சார்ஜென்ட் வந்து நிமாயின் டாக்ஸியைப் புகைப் பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நிமாய் நடுத்தெருவில் நின்று வங்காளத்தில் கத்திய கத்தலின் சாரம் இதுதான்: நானாகவா வந்து நின்றேன்? இந்தக் கடைக்கார அண்ணன் சொல்லித்தானே நின்றேன்?

சுபிக்ஷா முக்காலியிலிருந்து எழுந்து, கிருஷ்ணசாமியை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவள் கண் தூபக்காலின் மேல் போய் நின்றது.

"ஞாயித்துக்கிழமை காலையில தெருக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு ரிசல்ட் சொல்லப் போறோம் அங்கிள். உங்க கடை வாசல்லதான். எங்க எல்லாரையும் ஒருத்தர் ஏமாத்தியிருக்காரு. மறைக்க முடியாது, அதையும் சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

சனிக்கிழமை முழுக்கக் கிருஷ்ணசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த கடை. நாளைக்கு அதன் சாவி ஏழுமலை கையில். 'அந்தப் பெண் வாயால் கேட்டு அவமானப்படுவதைவிட நாமே சொல்லிவிடுவது மரியாதை' என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நல்ல கூட்டம். ஆட்டோக்காரர்கள், பூக்காரர்கள், டாக்ஸியை மீட்டு வந்திருந்த நிமாய். முன்வரிசையில் ஏழுமலை. சுபிக்ஷா வங்காளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். பழைய பஸ்களின் பங்கு, ஆட்டோக்களின் பங்கு, பேட்டரிக்கு மாறினால் எத்தனை குறையும் என்றெல்லாம் சொன்னாள். கிருஷ்ணசாமி காதில் எதுவும் விழவில்லை.

"கடைசியா ஒரு வருத்தமான விஷயம். இந்தத் தெருவுல ஒரு கடைக்காரர்..."

"நான்தான்" என்று எழுந்துவிட்டார் கிருஷ்ணசாமி. "நீ சொல்ல வேணாம்மா, நானே சொல்லிடறேன். என் பொடியில சிக்கரி இருக்கு. பல வருஷமா இந்தக் கையாலதான் கலக்கறேன். போர்டுல இருக்கறது பொய்."

அவர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஏழுமலையின் கையில் வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாக்குன்னா வாக்கு. எடுத்துக்கோ ஏழுமலை. நீ ஆசைப்பட்டது நடந்துடுச்சு."

சுபிக்ஷா விழித்தாள். "நான் சாம்பிராணியைச் சொல்ல வந்தேன் அங்கிள். அதனால ஒரு வாரக் கணக்கு வீணாப்போச்சு."

"சாம்பிராணியா?"

"ஆமா. சிக்கரின்னு இப்ப என்னமோ சொன்னீங்களே, அது எங்க இருக்கு? உங்க பொடியை லேப்ல பார்த்தாச்சு, ஃபில்டரையும் பார்த்தாச்சு. சுத்தமான காபி அங்கிள். சிக்கரி ஒரு சிட்டிகை கூடக் கிடையாது."

குற்றத்தை ஒப்புக்கொண்டவனை நம்ப மறுத்தால் கோபம் வராதா? கிருஷ்ணசாமிக்கு வந்தது.

"உன் மெஷின் சரியில்லம்மா. என் கையால கலக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று பின்கட்டுக்குப் போய்ச் சீயக்காய் டின்னைத் தூக்கி வந்து எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்து வைத்தார். "மோந்து பாரு. இது சிக்கரி இல்லாம வேற என்ன?"

சுபிக்ஷா முகர்ந்தாள். "காபி."

நிமாய் குனிந்து முகர்ந்தார். "காபி" என்றார் அவரும்.

பூக்காரம்மா ஒருத்தி முகர்ந்துவிட்டு, இன்னொரு தடவையும் முகர்ந்தாள். கிருஷ்ணசாமியும் டின்னுக்குள் தலையை விட்டு ஆன மட்டும் இழுத்துப் பார்த்தார். அந்த மூக்கில் என்ன ஏறும்? நிறம் கறுப்பாக, என்றைக்கும் போலத்தான் இருந்தது.

"சிக்கரிதான். போன மாசம்கூட ஒரு மூட்டை வாங்கிட்டு வந்து இதுல கொட்டினேனே" என்றார். குரலில் சுரத்து இல்லை.

கல்லாவில் கனகவல்லி ஏற்கெனவே அடுக்கிய சில்லறையைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழுமலை டின்னைப் பார்த்தார், கனகவல்லியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அப்ப மாசாமாசம் துணிப்பையில கொண்டாந்து அண்ணி எங்களுக்கு விக்கிற சிக்கரி, உங்களுதாண்ணே?"