கர்னல் பிராம்லெட் பிறந்த வீடு

மரக்குடிசையில் பிறக்காதவன் மக்களை ஆளத் தகுதியற்றவன் என்பது நெப்ராஸ்கா சமவெளியின் அசைக்க முடியாத அரசியல் தர்மம். அதைக் காக்கவே அவதரித்த மகான் கர்னல் லூஷியஸ் பிராம்லெட். எந்தப் போரிலும் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, ஆனாலும் கர்னல். பாஸ்டனில், மாடி வைத்த செங்கல் மாளிகையில் பிறந்த பாவத்தை மட்டும் அவரால் கழுவ முடியவில்லை.

தேர்தல் நெருங்கியதும் விதவை கெசாயா ப்ரூயிட்டின் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார். புருஷன் காய்ச்சலில் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஆற்றோரத்து அரசாங்க நிலமும் அதில் ஒரு மரக்குடிசையும்தான். குடிசை யாருடையதோ, நிலமும் அவருக்கே என்பது சட்டம். அறுவடை முடிந்தால் பட்டா.

"கெசாயாம்மா, உங்க குடிசையைக் கொஞ்சம் இரவல் குடுங்க."

"நல்லா இருக்கே! கோடாலி கேப்பாங்க, அடுப்புக்கு நெருப்பு கேப்பாங்க. வீட்டை யாராவது இரவல் கேப்பாங்களா?"

"சக்கரம் மாட்டி, காளை பூட்டி ஊர் ஊரா இழுத்துட்டுப் போறேன். நான் 'பிறந்த வீட்டை' ஜனங்க கண்ணால பாக்கணும்ல? ஜெயிச்சதும் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன். உங்க பட்டாவுக்கு நான் பொறுப்பு."

பட்டா என்றதும் கெசாயா மசிந்துவிட்டாள்.

வீடு பிரச்சாரத்துக்குப் புறப்பட்டது. கூடவே 'மருத்துவச்சி'யாகக் கெசாயாவும் போனாள்.

"சத்தியமா நான்தான் இவரை இந்த வீட்டுல கையில ஏந்துனேன்! பொறந்ததும் அழலை, மக்களே. சொற்பொழிவு ஆத்துனாரு!"

அவள் கர்னலைவிடப் பத்து வயது இளையவள். கர்னல் இலவசமாகத் திறந்துவிட்ட பீப்பாயில் விஸ்கி இருந்தவரை அதை யாரும் கேட்கவில்லை.

கர்னல் அமோகமாக ஜெயித்தார். சொன்ன சொல் தவறாமல் குடிசையையும் பழைய இடத்திலேயே இறக்கிவைத்தார். கெசாயா பட்டா வாங்க நில அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அது கர்னல் பேர்ல பதிவாயிடுச்சும்மா" என்றார் அதிகாரி.

"ஐயையோ! என் புருஷன் வெட்டி அடுக்குன மரம்யா அது! என் வீடு!"

"அதெப்படி? அவர் அங்கதான் பொறந்தார்னு ஊருக்கு ஊர் சத்தியம் பண்ணது நீங்கதானே? பிறந்த வீட்டுல அவருக்கில்லாத உரிமையா?"

"அது பொய்யிங்க!"

"மெதுவாப் பேசுங்கம்மா. பொய்ச் சத்தியத்துக்கு ஜெயிலு."

கர்னலின் கருணையே கருணை! அவளைத் துரத்தவில்லை. குடிசையைத் தன் 'நினைவில்லம்' ஆக்கி, அதைப் பெருக்கித் துடைக்கும் வேலையை அவளுக்கே அளித்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் தரிசிக்க வந்தார்கள்.

"கர்னலை இந்த வீட்டுலதான் கையில ஏந்துனீங்களாம்மா?" என்று ஒருவர் பக்தியோடு கேட்டார்.

கெசாயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஆமாய்யா. அப்பவே கழுத்தை நெரிச்சிருக்கணும்."