ஏழு தெருவுக்கும் ஒரே ஆடு

ஃப்ரீசர் கடைக்காரருக்கு ஆட்டுக்காரன் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது. "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள காசு வரலேன்னா, வண்டியோட வந்து பெட்டியத் தூக்கிடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஃப்ரீசர் போனால், புல் மேய்ந்த ஆட்டுக் கறி என்று வீடு வீடாகக் கொடுக்க முடியாது. மறுபடி தரகனிடம் போய், அவன் சொன்ன விலைக்கு ஆட்டைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

"அந்தப் பச்சை கேட் வீட்டம்மாகிட்ட கேளுங்களேன். மாசக்கணக்கா கடன்லயே வாங்குறாங்க" என்றாள் மனைவி.

"அவங்க சொல்லித்தான் அந்தத் தெருவே நம்மகிட்ட வாங்குது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

"அப்ப புதுசா நாலு வீடு புடிங்க."

பிடித்தான். புது வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தரம் கேட்டது ஒரே கேள்வி: புல்லில் மேய்ந்த ஆடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? கறியோடு அந்த ஆடு மேயும் போட்டோவும் போனில் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

வாக்குக் கொடுக்க வாய் போதும். போட்டோவுக்கு ஆடு ஒத்துக்கொள்ள வேண்டுமே. அவனுடைய செம்மறிகள் போனைக் கண்டதும் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டன. புட்டிப்பால் குடித்து வளர்ந்த மகாராணி மட்டும், நெற்றியில் வெள்ளைத் திட்டோடு, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அது வெட்டுகிற ஆடல்ல, வீட்டுப் பிள்ளை. போட்டோதானே என்று எல்லோருக்கும் அதையே அனுப்பி வைத்தான்.

மூன்றாம் வாரம், புது வீட்டுக்காரர்களில் ஒருவரான தையற்காரர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எனக்கு வந்த ஆடும் டீச்சருக்கு வந்த ஆடும் ஒண்ணா இருக்கே?"

"ரெட்டைப் பிறவிண்ணே."

"அப்ப பேக்கரிக்காரருக்கு வந்தது?"

"அது... மூணாவதுண்ணே."

அடுத்த போட்டோவுக்கு மகாராணியின் வெள்ளைத் திட்டில் கரியைப் பூசினான். பாதி ஒட்டியது, பாதி உதிர்ந்தது. இப்போது டீச்சர் கூப்பிட்டார்.

"ஆட்டுக்கு என்ன, சொறியா?"

சாயங்காலத்துக்குள் சொறி ஏழு தெருவுக்கும் பரவிவிட்டது. ஆட்டின் மேலல்ல, ஊர் வாயில். ஒரு வீடு பாக்கியில்லாமல் "கறி வேண்டாம்" என்றது.

"உள்ளதச் சொல்லி, எல்லாரையும் நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "சந்தி சிரிச்சாச்சு. இனிமே சிரிக்க என்ன மிச்சம் இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னான். கடைக்காரர் வருகிற நாளும் அதுதான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

வந்தார்கள். வீட்டை ஒட்டிய கயிற்று வேலிக்குள் முழங்கால் உயரப் புல். நேற்று மேய்ந்த துண்டு மொட்டை, இன்றைக்குப் பக்கத்துத் துண்டு. டீச்சர் போனை எடுத்தார். மந்தை மொத்தமும் பின்பக்கத்தைக் காட்டியது. மகாராணி மட்டும் மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, கழுத்தை நிமிர்த்தி நின்றது.

தையற்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! இதைத் தின்னுட்டோம்னு என் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கா! எனக்கு ரெண்டு கிலோ எழுதிக்க."

"எனக்கு மூணு" என்றார் டீச்சர். "போட்டோவுக்கு இனிமே பின்பக்கமே போதும்!"

மனைவிக்கு எழுதக் கை போதவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் வண்டி வந்து நின்றது.

"முதலாளி, ஆர்டர் குவியுது. இன்னும் ஒரே வாரம்..."

"வாரமும் கிடையாது, மாசமும் கிடையாது. புல்லுக் கறியாம் புல்லுக் கறி! எங்க வீட்டுல மார்க்கெட் கறிதான். அந்த ருசிக்கு இதெல்லாம் பக்கத்துல நிக்குமா?" என்று அவர் திண்ணையில் இருந்த ஃப்ரீசரில் கை வைத்தார்.

தையற்காரர் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்ற பச்சை கேட்டம்மா மெதுவாக வெளியே வந்தார்.

கடைக்காரர் திகைத்தார். "நீ எங்கடி இங்க?"

"ஏங்க, நீங்க தட்டை வழிச்சு வழிச்சுத் தின்ன மார்க்கெட் கறி இவரோடதுதாங்க. மாசக்கணக்கா கடன்ல வாங்குனது. பெட்டிப் பாக்கியக் கழிச்சிட்டு, நாம தர வேண்டிய மீதிய எண்ணிக் குடுங்க, வீட்டுக்குப் போலாம்."