என் விமானத்தில் பேட்டரி வைப்பது என் இஷ்டம்

சாணார்பட்டி,
14.3.2004

மரியாதைக்குரிய அண்ணன் பொம்மையன் அவர்களுக்கு,

தங்கை அறிவுச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் கறவை மாடும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. விமானம் கட்டுவதை உடனே நிறுத்து, நிறுத்தாவிட்டால் பேட்டரி இரண்டையும் மூக்கில் வை, அதையும் கேட்காவிட்டால் பங்குனி உத்திரம் முடிந்ததும் பழனியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கழற்றிப் போடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவராயிற்றே என்று போன மாதமே உங்கள் பேச்சைக் கேட்டு மூக்கில் வைத்துப் பார்த்தவள்தான் நான். ஏற்கெனவே என்ஜின் பாரம் முன்னால். கடலை பறித்த காட்டில் பத்தடி ஓடியதும் விமானம் குப்புற விழப் பார்த்தது. முன்விசிறி மண்ணைக் கொத்தி முறிந்தது. புதிது செதுக்கப் பதினைந்து நாள்.

"பின்னாடி வையி, சரியாப் போயிரும்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. வாலில் வைத்தோம். நான் ஏறியதும் வால் தரையில் உட்கார்ந்துகொள்ள, மூக்கு வானத்தைப் பார்த்தது. பக்கத்துக் காட்டில் பூ எடுத்துக்கொண்டிருந்த ஒச்சாயி ஓடிவந்து, "என்னா டீச்சரு, நாய் உக்காந்த மாதிரில உக்காந்திருக்கு!" என்று சிரித்தாள்.

அடுத்து என் இருக்கைக்கு அடியில். பாரம் சமமாக நின்றது. ஆனால் வரப்பில் ஏறி இறங்கியதும் ஆசிட் சிந்தி, சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "வேணாம்டி, உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று உங்கள் மாப்பிள்ளை அழாத குறை. எனக்கும் அன்று பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு நெம்புகோல் பாடம் நடத்தியவள் பயந்து ஒதுங்குவதா? தக்காளி மண்டியிலிருந்து தராசு வாங்கிவந்து, ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று எடை போட்டேன். இருக்கைக்கு ஒன்றரை அடி பின்னால் மரப்பெட்டி அடித்து, உள்ளே பேட்டரிகளை வைத்து மூடி, பெல்ட் போட்டு இறுக்கினேன். "இதுதேன் எடம். எவன் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை ஏழு மணி. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. உங்கள் மாப்பிள்ளை விசிறியைக் கையால் சுற்றிவிட்டார், என்ஜின் பிடித்துக்கொண்டது. பாதிக் காடு ஓடியிருப்பேன், அண்ணே, சக்கரச் சத்தம் நின்றுபோச்சு! நாலடி உயரம்! கீழே ஒச்சாயியின் சம்பங்கிப் பாத்தி ஓடியது. அவள் பூக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். நூறடி பறந்து, ஒரு கீறல் இல்லாமல் இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது.

ஆகவே நிறுத்த மாட்டேன். மூக்கிலும் வைக்க மாட்டேன். உத்திரம் முடிந்து தாராளமாக வாருங்கள், கோழி அடித்துச் சோறு போடுகிறேன். ஸ்பேனரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, என் பேட்டரிப் பெட்டியைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சுக் கேட்காத தங்கை,
அறிவுச்செல்வி

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மாப்பிள்ளை வந்து தலையைச் சொறிகிறார். ஆசிட்டுக்குப் பயந்து வெள்ளிக்கிழமையே பேட்டரி இரண்டையும் எனக்குத் தெரியாமல் கழற்றி, கிதர் முகம்மது கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டாராம். நேற்றுப் பெட்டி காலி. கையால் சுற்றினால் இந்த என்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும். பாரம் குறைந்ததால்தான் மேலே கிளம்பியது என்று வேறு சொல்கிறார். இருக்கட்டும். மூக்கில் வைக்க மாட்டேன்.