சியெனியின் லீவும் இருபத்துமூன்றாவது வரியும்

நான் தைரியசாலி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

போன செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு எங்கள் மேனேஜர் ஃபிலோமெனா அம்மா ஓர் அறிவிப்பு செய்தார். எங்கள் தீவில், வைதேலேயில், தேங்காய்ப்பாலை டின்னில் அடைத்துக் கப்பலேற்றும் கம்பெனி எங்களுடையது. மொத்தம் நூற்று நாற்பது பேர். கம்ப்யூட்டரில் யார் எதைத் திறக்கலாம், யார் எதற்கு ஒப்புதல் கொடுக்கலாம் என்பதெல்லாம் இத்தனை நாள் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தது. இனிமேல் எல்லாம் ஒரே இடத்தில். ஆள் முகத்தைப் பார்த்து உரிமை கிடையாது, அவர் பார்க்கிற வேலையைப் பார்த்துத்தான் உரிமை.

"யாருக்கு என்ன உரிமை இருக்கு, அதை என்னிக்கெல்லாம் பயன்படுத்தினாங்கன்னு முழு லிஸ்ட் எடுக்கணும், தானியேலு. அடுத்த திங்கட்கிழமை ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுப்போம். பிரிவுக்கு ஒருத்தர் வரி வரியா படிச்சுக் கையெழுத்துப் போடணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவனே தட்டாவிட்டால் சந்தேகம் வரும். உள்ளங்கை வியர்த்து வழிந்ததால் சத்தம்தான் சரியாக வரவில்லை.

ஏன் வியர்த்தது? சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏற்றுமதிப் பிரிவு சூப்பர்வைசர் சவேலியோவுக்குப் பித்தப்பையில் கல். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. அந்த இரண்டு வாரத்துக்கு அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பிரிவு ஆட்களின் லீவுக்கு ஒப்புதல் கொடுக்கவும் மறுக்கவும் எனக்கு உரிமை கொடுத்தார்கள். கல் போயிற்று, சவேலியோ வந்தார், நாற்காலி போயிற்று. உரிமை மட்டும் போகவில்லை. எங்கள் கம்பெனியில் உரிமை கொடுக்க ஃபாரம் உண்டு. திரும்ப வாங்க ஃபாரம் கிடையாது.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? அந்தப் பிரிவில் பதினான்கு பேர். அதில் ஒருத்தி சியெனி. என் மனைவி.

சியெனி வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு வாரம் லீவு கேட்பாள். வெள்ளை ஞாயிறு பண்டிகைக்குச் சவாயீ தீவில் இருக்கும் அவள் பிறந்த ஊருக்குப் போக. தனியாக அல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு. என் ஊரில் நான் உட்கார்ந்தால் எனக்கு விசிறி விடுவார்கள். அவள் ஊரில் நான் மாப்பிள்ளை. மனைவி ஊரில் மாப்பிள்ளை உட்காரவே கூடாது. விடியுமுன் எழுந்து, சூடான கல்லில் சமைக்கும் உமு அடுப்புக்குக் கல் சுடவேண்டும், பன்றியைத் தூக்கவேண்டும், நாற்பது தேங்காய் துருவவேண்டும், பெரியவர்களுக்குக் குனிந்து பரிமாறவேண்டும். எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் இருந்தால் எனக்கு. கடைசியாகப் போனபோது என் இடது புருவம் அடுப்பில் போயிற்று. அது திரும்ப முளைக்க ஐந்து மாதம். மச்சான் பௌலோ அதைப் பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் அந்த வருஷம், சியெனி லீவு கேட்ட அன்று, சவேலியோ பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். ஒரே ஒரு கிளிக். லீவு மறுக்கப்பட்டது. காரணம்: ஏற்றுமதி நெருக்கடி.

அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "ஈவு இரக்கமே இல்லாத கம்பெனி, சியெனி!" என்று மேசையைக் குத்தினேன். மறுநாள் என் லீவையும் ரத்து செய்தேன். பெண்டாட்டிக்குக் கிடைக்காத லீவு எனக்கு எதற்கு என்று ஃபிலோமெனா அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்கலங்கி, "உன் லீவு வீணாப் போகாதுப்பா, சேர்த்து வைக்கிறேன்" என்றார். மனசு உறுத்தியதால் சியெனிக்கு ஒரு புது உடுப்பு தைத்துக் கொடுத்தேன்.

இப்படியே ஏழு அக்டோபர். ஏழு கிளிக். ஏழு உடுப்பு.

அன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது. நல்லவன் வேஷம் போட எழுந்து நின்றேன். "அம்மா, ஒரு யோசனை. யாரும் தன் உரிமையைத் தானே கூட்டவோ குறைக்கவோ கூடாது. எந்தப் பிரிவோட உரிமையோ, அந்தப் பிரிவுக்காரர் ஒருத்தர் ஒப்புதல் கொடுத்தாத்தான் மாறணும்!"

"பிரமாதம்!" என்றார் ஃபிலோமெனா அம்மா. அது அங்கேயே விதியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் சியெனி சேப்பங்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, சேதி தெரியுமா? ஏற்றுமதிப் பிரிவு லிஸ்ட்டைப் படிச்சுக் கையெழுத்துப் போட ஒருத்தர் வேணும்னாங்களே."

"ஆமா. சவேலியோதானே?"

"அவருக்குக் கண்ணாடி மாத்தணுமாம். படிக்க முடியாதாம்."

"அப்போ யாரு?"

"நான்தான்."

எனக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி குடி. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உனக்கு வேலை கூடுதேன்னு கவலை."

"அட, எம்மேல எவ்வளவு அக்கறை!" என்று கிழங்கைப் பானையில் போட்டாள். "வரி வரியா படிக்கப் போறேன். எந்தத் தேதியில யாரு என்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடமாட்டேன்."

விக்கல் ராத்திரிவரை நிற்கவில்லை.

யோசித்தேன். ஒரே ஒரு வழி இருந்தது. லிஸ்ட்டில் உரிமை இருப்பவர் பெயருக்கு நேரேதான் தேதிகள் வரும். உரிமையே இல்லாதவனுக்குப் பெயரும் வராது, தேதியும் வராது. ஆகவே திங்கட்கிழமைக்குள் என் உரிமையை நீக்கிவிட வேண்டும். ஆனால் என் உரிமையை நானே தொட முடியாது. எந்த மடையன் போட்ட விதி? நான் போட்ட விதி. ஒப்புதல் கொடுக்க வேண்டியது யார்? சியெனி.

செவ்வாய்க்கிழமை பகல் பூராவும் உட்கார்ந்து ஏற்றுமதிப் பிரிவில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த உரிமைகளையெல்லாம் தோண்டி எடுத்தேன். நாற்பது வரி தேறியது. நடுவே, இருபத்துமூன்றாவது வரியில் என்னைச் சொருகினேன். நாற்பது வரியை யார் படிப்பார்கள்? இரண்டு வரி பார்ப்பாள், கொட்டாவி விடுவாள், மொத்தமாக ஒப்புதல் கொடுத்துவிடுவாள். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸே குலுங்கியது. சியெனி என் காதருகே வந்து கத்தினாள்.

"நாப்பது வரி அனுப்பியிருக்கியே!"

"ஆமா, எல்லாம் குப்பை. கண்ணை மூடிக்கிட்டு ஒப்புதல் கொடுத்துடு!"

"அதெப்படி? ஒவ்வொண்ணா படிக்கிறேன். வாட்ச்மேன் லோலோ செத்து நாலு வருஷமாச்சு. அவரு இன்னும் குளிர்கிடங்கைத் திறக்கலாமாம்!"

"செத்தவரு வந்து திறக்கவா போறாரு?"

"கேன்டீன்ல இருந்தாளே, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆக்லாந்து போனவ, அவ இன்னும் கப்பல் சரக்கோட விலையை மாத்தலாமாம்!"

"சரி சரி. எத்தனை வரி படிச்ச?"

"இருபத்திரண்டு."

என் பக்கத்தில் ஒரு கிழவர் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். நான் அதன் காலைப் பிடித்து நசுக்கியிருக்கிறேன் போல. அது கத்திய பிறகுதான் தெரிந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ்ஸுக்கு நேரமாச்சு. மிச்சம் நாளைக்கு."

புதன்கிழமை காலை நான் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. ஒரு சத்தமும் இல்லை. இருபத்துமூன்றைப் பார்த்துவிட்டாள். எழுந்து வருகிறாள். கையில் தேங்காய் துருவியோடு வருகிறாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே பேனா தேடினேன். வந்தவர் டீ கொண்டுவந்தவர்.

சரியாகப் பத்து மணிக்குத் திரையில் வந்தது. நாற்பது வரிக்கும் ஒப்புதல். கையொப்பம்: சியெனி.

படிக்கவில்லை! என் செல்லம் படிக்கவே இல்லை! எழுந்து நின்று பாடினேன். எனக்குப் பாட வராது; ஆனாலும் மத்தியானம்வரை நிறுத்தவில்லை. ஃபிலோமெனா அம்மா கதவைத் திறந்து, "என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்றார். "வேலை முடிஞ்சுதும்மா" என்றேன். "தெரியும், தெரியும், கேள்விப்பட்டேன்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். என்ன கேள்விப்பட்டார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றில் வரிசையாக ஏழு உடுப்புகள். இன்னொன்றில் என் பழைய சட்டைகள், எரிந்தாலும் பரவாயில்லை என்கிற ரகம்.

"எங்க போற சியெனி?"

"போறேன் இல்ல. போறோம். சவாயீக்கு. காலையில ஃபெர்ரி."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். "லீவு? நம்ம கம்பெனி எப்ப லீவு கொடுத்துச்சு?"

"புதன்கிழமை பத்து மணிக்கு உன் நாப்பது வரிக்கு ஒப்புதல் கொடுத்தேன். பத்து அஞ்சுக்கு லீவு கேட்டேன். பத்தரைக்கு சவேலியோ கொடுத்துட்டாரு."

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே!"

"என் லீவு மட்டும் தெரிஞ்சுதாம்."

"சரி, ஒரு வாரம்தானே..."

"ஏழு வாரம்."

நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாமா கேக்காம விட்ட லீவு வருஷக் கடைசியில போயிடும், தானியேலு. கேட்டுக் கம்பெனி மறுத்தா சேர்ந்துக்கிட்டே போகும். வருஷம் தவறாம கேட்டேன். வருஷம் தவறாம மறுத்த."

"நான்... நானா?"

"மொத தடவை காரணம் என்ன எழுதின? ஏற்றுமதி நெருக்கடி. அந்த வாரம் துறைமுகத்துல நம்ம கப்பல் ஒண்ணுகூட இல்லை. எனக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"எப்படி?"

"கப்பல் வர்ற தேதியெல்லாம் போடுறதே நான்தானே! சவேலியோகிட்ட கேட்டேன், என் லீவு ஃபாரம் அவர் கண்ணுலயே படலையாம். அவரு நாற்காலியில ரெண்டு வாரம் உக்காந்துக்கிட்டு எனக்கே 'காலை வணக்கம், ஊழியரே'ன்னு சொன்னது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். தரை திறக்கவில்லை.

"தெரிஞ்சுமா ஏழு வருஷம் சும்மா இருந்த? அழுதுக்கிட்டு வந்தியே!"

"மொத வருஷம் அழுதது நிஜம்." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "உனக்கு என் வீட்டுக்கு வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். நான் தனியா போயிட்டு வந்திருப்பேன். புருவம் போனவனை நான் என்ன கட்டியா இழுத்துட்டுப் போகப்போறேன்? நீ என்னடான்னா கம்பெனி பேரைச் சொல்லி ஏமாத்தின. ரொம்ப வலிச்சுது."

அவமானமாக இருந்தது. அவள் அம்மா கிறிஸ்மஸுக்கு இங்கே வந்துவிட்டுப் போகும்போதெல்லாம், "அடுத்த வருஷமாவது வாம்மா" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

"மன்னிச்சுடு, சியெனி."

"மன்னிச்சு ஆறு வருஷமாச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது வருஷத்துலேருந்து அழுததெல்லாம் உடுப்புக்காக. போன வருஷத்து நீலம் எனக்கு நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு." என் மூளை வேகமாக ஓடியது. "ஆனா எனக்கு ஏழு வாரம் லீவு யாரு கொடுப்பா? கம்ப்யூட்டர் பிரிவில இப்போ எவ்வளவு வேலை!"

"ஃபிலோமெனா அம்மா கொடுத்துட்டாங்க. நீ என் மேல உள்ள பாசத்துல ரத்து பண்ணதையெல்லாம் சேர்த்து வச்சிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா கிடைச்சுதுன்னு கேட்டதும் அழுதுட்டாங்க. இன்னிக்குக் காலைப் பிரார்த்தனையில உனக்காக நன்றி சொன்னாங்களே, கவனிக்கலையா?"

கவனித்தேன். வேறு எந்தத் தானியேலுவுக்கோ என்று நினைத்தேன்.

"பௌலோகிட்ட சொல்லிட்டேன். அப்பா அம்மாவுக்குப் புது வீடு கட்டுறான். தினம் முப்பது ஆளுக்கு உமு போடணும். தேங்காய் உரிச்சுக் குவிச்சு வச்சிருக்கானாம்."

ஏழு வாரம். முப்பது ஆள். நான் மனக்கணக்கில் எத்தனை தேங்காய் என்று போட ஆரம்பித்து, ஆயிரத்தைத் தாண்டியதும் நிறுத்தினேன்.

"சியெனி, உன் லீவை நிறுத்த நம்ம கம்பெனியில ஒருத்தருக்குமா உரிமை இல்லை?"

"ஒரே ஒருத்தனுக்கு இருந்துச்சு," என்று அவள் பெட்டியைப் பூட்டினாள். "இருபத்துமூணாவது வரியில, அதை எடுத்துடுங்கன்னு அவனே எழுதிக் கொடுத்துட்டான்."