நெடுந்தீவுக்கு நான் போட்ட சட்டம்

இந்த நாட்டில் அரசாங்கம் போடாத சட்டமொன்றை நான் போட்டிருக்கிறேன். அதற்கு மக்கள் கீழ்ப்படிந்தும் இருக்கிறார்கள். இத்தனை நாளும் இதை எழுதாமல் இருந்தது பயத்தால் அல்ல, வெட்கத்தால். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் நான் செய்யாத மோட்டுத்தனங்களும் சேர்ந்துவிட்டதால், செய்தவற்றை மட்டுமாவது நானே எழுதிவிடுவது நல்லது.

அது டீசல் இல்லாத வருடம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. சட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. காலையில் ஒன்று வரும், மத்தியானம் அதற்குத் திருத்தம் வரும், இரவு மின்சாரம் போகுமுன் இரண்டையும் ரத்துச் செய்து மூன்றாவது வரும். நான் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நெடுந்தீவில் வீட்டோடு இருந்தேன். (கோழிக்குத் தீன் போட ஒரு பட்டதாரி வேணும்தானே.) எங்கள் ஊர்க்காரருக்குத் தொலைபேசியில் ஒரு குழு இருந்தது; அதை நடத்தியது நான். பாதிப்பேர் தீவில், மீதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும். நாள் முழுக்க அங்கே பேச்சு இதுதான். இன்றைக்குப் படகு ஓடுமா, யாருக்கு எத்தனை லீற்றர், அந்தப் படிவம் இப்பவும் செல்லுமா. நான் அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல்களைத் தேடி வாசித்துப் பதில் போடுவேன். பதிலின் முடிவில் 'உறுதி' என்று எழுதி ஒரு பச்சைச் சரி அடையாளமும் வைப்பேன். குழுவில் எனக்கு 'வர்த்தமானி' என்றே பட்டம் வைத்துவிட்டார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

அதே நேரத்தில் வீட்டில் அக்காவின் கலியாணப் பேச்சு நடந்தது. அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அதற்குமுன் வந்த ஆறு சம்பந்தமும் குழம்பிப்போயின. ஒரு மாப்பிள்ளை வீட்டார் தீவுக்குப் படகேறும் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை வந்து, கடலை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த பஸ்சிலேயே திரும்பிப் போனார்கள். இது ஏழாவது. ஊர்காவற்றுறை மாப்பிள்ளை, விவசாயப் போதனாசிரியர், சாதகம் நல்ல பொருத்தம். படத்தைப் பார்த்த அக்கா முதல் தடவையாக அதைத் திருப்பித் தராமல் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை அவர்கள் பொம்பிளை பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் தப்பினால் இனி ஒருவரிடமும் போய்க் கேட்கத் தனக்குத் தெம்பில்லை என்று அம்மா குசினியில் இருந்து அழுதார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் ஒரு அண்ணை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரப்போகிறார். அதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே தினமும் கேள்வி கேட்பார். ஒருநாள் நான் காஸ் இல்லாமல், ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்த நேரம், வெளியாட்கள் தீவுக்கு வர ஏதும் புதுச் சட்டம் உண்டா என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஓம் அண்ணை. இனி வெளியாக்கள் வாறதெண்டால் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், விதானையாற்ற கடிதம், படம் ரெண்டு கொண்டு வரவேணும்" என்று எழுதி, பக்கத்தில் ஏழு சிரிக்கும் முகங்களை வைத்து அனுப்பினேன். நாலு பேர் பதிலுக்குச் சிரித்தார்கள். நான் விறகை ஊதப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறொரு குழுவிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. தலைப்பில் சிவப்பெழுத்தில் 'மிக முக்கியம்'. 'பாதுகாப்பு நலன் கருதி, நெடுந்தீவுக்குப் பயணிக்கும் வெளியூரவர் அனைவரும் கீழ்க்காணும் ஆவணங்களைத் தம்முடன் எடுத்து வருதல் வேண்டும்.' கீழே பட்டியல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப்பாவிகளே, இதையும் கொண்டுவந்துவிட்டார்களா என்று அரசாங்கத்தைத் திட்டி ஒரு பந்தி எழுதினேன். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. குசினிப் புகையில் நான் எழுதியது இரண்டே நாளில் இப்படிச் சட்டத்தமிழ் பேசும் என்று யார் கண்டது? தங்கச்சி, இது உண்மையோ என்று ஒருவர் கேட்டார். அந்த வருடம் எதுவும் உண்மையாக இருக்கலாம். நான் தேடிப் பார்க்கவும் இல்லை. 'உறுதி' என்று எழுதிப் பச்சை அடையாளத்தையும் வைத்தேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த அறிவித்தல் அவருக்கும் போயிருந்தது. அம்மா பெருமையோடு, எங்கட சின்னவள் எல்லாம் சரியாகச் சொல்லுவாள் என்று தொலைபேசியை என்னிடம் தந்தார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அசலும் வேண்டும், பிரதியும் வேண்டும், விதானையாரின் கடிதத்தில் திகதி போட்டிருக்க வேண்டும் என்று இல்லாத சட்டத்துக்கு இன்னும் மூன்று பிரிவுகளைச் சேர்த்தேன்.

"மகன்ரயும் கட்டாயமோ பிள்ளை? சாதகத்திலயும் பிறந்த திகதி கிடக்குத்தானே, அதைக் காட்டினால் காணாதோ?" என்று அவர் கேட்டார்.

"சாதகத்தைப் பாத்து ஆர் அன்ரி படகில ஏத்துறது? மாப்பிள்ளையின்ர அசல் கட்டாயம் வேணும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டார். என் அறிவைக் கண்டு அசந்துபோனார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தாயும் மகனும் வந்தார்கள். குறிகாட்டுவானில் படகுக்காரர் அவர்கள் எல்லாக் கடதாசிகளையும் அடுக்கிக் கொண்டுவந்த கோவையைப் புரட்டிப் பார்த்து ஒன்றும் விளங்காமல், இதைத் தீவில் கொடுங்கோ என்று சொல்லிவிட்டாராம். ஒரு மணித்தியாலக் கடல். மாப்பிள்ளைக்கு வழி நெடுக வாந்தி. முகம் வெளிறி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் கதிரையில் வந்து இருந்தார். இறங்குதுறையில் அந்தக் கோவையை வாங்க ஆளில்லாதபடியால் தாயார் அதை நேரே அப்பாவின் கையில் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காகக் கொண்டு வந்திருக்கிறோம், உரிய இடத்தில் கொடுத்துவிடுங்கோ என்றார். அப்பா அதைப் பிரித்து வாசிப்பார் என்று அவர் நினைக்கவில்லையாம்.

அப்பா முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு கடதாசி கிடைத்தால் அதை முழுவதும் வாசிப்பார், அதுவும் சத்தமாக வாசிப்பார். மேலே இருந்தது அந்த அறிவித்தலின் அச்சுப் பிரதி. அவர் வாசிக்க வாசிக்க நான் கேட்டுக்கொண்டு நின்றேன். 'விதானையாரின் கடிதம்' என்ற இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. எந்த அரசாங்கம் விதானையார் என்று எழுதும்? அவர்களுக்கு அவர் கிராம அலுவலர். விதானையார் என்று எழுதினது நான். பிறகு படம் இரண்டு. ஐயோ, அதுவும் நான்தான். அப்பா அடுத்த கடதாசிக்குப் போனார். இவர்கள் இருவரும் நன்னடத்தை உடையவர்கள், நெடுந்தீவு செல்வதற்கு ஆட்சேபனை இல்லை என்று அவர்களின் விதானையார் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்திருந்தார். (பொம்பிளை பாக்க நன்னடத்தைக் கடிதத்தோட வந்த மாப்பிள்ளை உலகத்திலயே இவர் ஒருத்தர்தான்.)

அதற்கு அடுத்தது மாப்பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம். பெயர், ஆண், பிறந்த இடம் என்று வாசித்துக்கொண்டு போன அப்பா, திகதியையும் வருடத்தையும் வாசித்துவிட்டுத் திடீரென்று நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை வாசித்தார். சாதகத்தில் மாப்பிள்ளைக்கு முப்பத்துமூன்று. கையில் இருக்கும் கடதாசியில் முப்பத்தெட்டு.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பதிந்தது, மாறிப்போய்விட்டது என்று தாயார் சமாளித்தார். பிறந்து ஒன்பதாம் நாளே பதிந்திருக்கிறதே என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கந்தோர்ப் பழக்கம், கண்ணில் பட்டதைச் சொன்னார்.

ஆனால் அம்மா விடவில்லை. "பொய் சொல்லிக் கலியாணம் பேசலாமோ அக்கா? எங்கட பிள்ளைக்கு முப்பதுதான்" என்றார்.

நான் அம்மாவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஏனென்றால் அக்காவுக்கு முப்பத்துநாலு. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கோழிக்கு மட்டும்தான் தெரியாது. சம்பந்தங்கள் தப்பத் தப்ப அம்மாதான் சாத்திரியாரிடம் போய், வருடத்துக்கு ஒன்றாக நாலு வருடத்தை எடுத்துவிட்டுப் புதுச் சாதகம் எழுதுவித்தார். அதைப்பற்றி நாங்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அம்மாவின் குரல் கொஞ்சமாவது நடுங்க வேண்டுமே. இல்லை.

மாப்பிள்ளையின் தாயாருக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, வா தம்பி, படகுக்கு நேரமாச்சு என்று எழும்பினார். படகுக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. ஏழாவதும் போகிறது, இந்தமுறை கடலால் அல்ல, என்னால் என்று எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது அக்கா வெளியே வந்தார். கையில் தேத்தண்ணித் தட்டு இல்லை. அலுமாரிக்குள் இருந்த தன்னுடைய பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தை எடுத்து வந்திருந்தார். அதை அப்பாவின் கையில் இருந்த கடதாசிக்கு மேல் வைத்து, இதையும் சத்தமாக வாசியுங்கோ என்றார். அப்பா வாசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடதாசியை வாசிக்காமல் விட்டார். அக்காவே மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு முப்பத்திநாலு. நாலு வருசமா முப்பதிலயே நிக்கிறன். எனக்குக் களைச்சுப் போச்சு."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாப்பிள்ளை வாயிலிருந்த கைக்குட்டையை எடுத்தார். வந்ததிலிருந்து அந்த மனிதர் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"நான் அஞ்சு வருசமா முப்பத்திமூண்டில நிக்கிறன்" என்றார். பிறகு, "கொஞ்சம் தண்ணி தாறீரோ?" என்று கேட்டார்.

அக்கா சிரித்துவிட்டார். அக்கா அப்படிச் சத்தம்போட்டுச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு நினைவில்லை. தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனவர் அங்கே நின்றும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாயார் கைப்பையைத் திரும்பக் கீழே வைத்தார். இவ்வளவுக்குப் பிறகு யார் யாரிடம் கோபிப்பது? அம்மா ஒளித்து வைத்திருந்த கடைசிப் பால்மாப் பைக்கற்றை உடைத்துத் தேத்தண்ணி போட்டார். அடுப்படியில் இரண்டு தாய்மாரும் தலைகுனிந்து கதைத்ததில் இன்னொரு வெடி வெடித்தது. மாப்பிள்ளைக்கு ஐந்து வருடம் குறைத்தவரும் அக்காவுக்கு நாலு வருடம் குறைத்தவரும் ஒரே சாத்திரியார். பிறகு இரண்டு சாதகத்தையும் வைத்துப் பொருத்தம் பார்த்து நல்ல பொருத்தம் என்று சொன்னவரும் அவரேதான். அம்மா அன்று அந்த மனிதரைத் திட்டிய திட்டு இங்கே எழுத ஏலாது. உண்மையான திகதிகளைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் பார்க்க இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

புறப்படும்போது மாப்பிள்ளை, இந்தக் கோவையை இனி யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு சட்டமே இல்லை, அது நான் பகிடிக்கு எழுதியது என்று அழுதுகொண்டே சொன்னேன். மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடலில் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கடிதத்துக்காக அவர் விதானையார் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றாராம்.

அன்றைக்கே குழுவில் மறுப்பு எழுதினேன். அந்த அறிவித்தல் பொய், அதை முதலில் எழுதியவளே நான்தான், மன்னியுங்கள் என்று. ஐந்து நிமிடத்தில் ரொறன்ரோ அண்ணையிடமிருந்து பதில் வந்தது. 'உறுதிப்படுத்தாத தகவல்களைத் தயவுசெய்து இங்கே பகிர வேண்டாம்.' அதற்குப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். கோடையில் அவர் வந்து இறங்கியபோது கையில் பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும் இருந்தது, படம் இரண்டும் இருந்தது.

கலியாணம் அதே வருடம் ஆவணியில் நடந்தது. வயதுக் கணக்கு வெளியே தெரிந்துவிடும் என்று நாலு வருடமாக எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. கலியாணம் முடிந்து வந்த முதல் பிறந்தநாளன்று அத்தான் அக்காவின் படத்தை ஊர்க்குழுவில் போட்டு, 'இன்று என் மனைவிக்கு முப்பத்தைந்து வயது' என்று எழுதினார். அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. குழுவை நடத்துகிறவள் நீதானே, ஊர் முழுக்கப் பார்க்கமுதல் அழி என்று என்னைப் பிடித்து உலுப்பினார். அழிக்க எனக்கு ஒரு வினாடி போதும். நான் அழிக்கவில்லை. அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலில் இருந்து, உலகம் முழுக்க இருந்து வந்த வாழ்த்துகளை ஒவ்வொன்றாக அத்தானுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாழ்த்திலும் அந்த முப்பத்தைந்தைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரையாவது வயது கேட்டால், அத்தாட்சிப்பத்திரப்படியோ சாத்திரியார் படியோ என்று திருப்பிக் கேட்பார்கள். அம்மா மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை. அந்தப் பிறந்தநாளன்று கோபத்தில் ஊர்க்குழுவிலிருந்து விலகியவர் இன்னும் திரும்பி வரவில்லை.